இன்வெர்ட்டர்மேல் பழி போடுவதற்கு முன்

பழைய ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்கள் அனுப்பும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரிதான்: "இன்வெர்ட்டர் போச்சு, மாத்தணும்னு சொல்லிட்டாங்க." பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி அது; காரிலேயே விலை அதிகமான பாகங்களில் ஒன்று, அதனால் இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி.

2006 டொயோட்டா பிரியஸ். மேடு ஏறினாலும் நெரிசலில் ஊர்ந்தாலும் சிவப்பு முக்கோணம் எரிகிறது, இழுவை குறைகிறது. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் சரியாகிவிடுகிறது. ஸ்கேனரில் பி0ஏ93 என்ற பிழைக் குறியீடு (எரர் கோடு). இன்வெர்ட்டரை மாற்றிவிடலாமா?

வேண்டாம். இன்வெர்ட்டர் சரியாகக் குளிரவில்லை என்பதுதான் அந்தக் கோடு சொல்லும் சேதி, கெட்டுவிட்டது என்பதல்ல. இந்தக் காரில் இன்ஜினுக்கு ஒரு கூலன்ட் சுற்று, இன்வெர்ட்டருக்குத் தனியாக இன்னொன்று, அதை ஓட்டுவது ஒரு சின்ன மின்சார பம்ப். வண்டி ஆறியிருக்கும்போது இன்வெர்ட்டரின் கூலன்ட் தொட்டி மூடியைத் திறந்து, வண்டியை 'ரெடி' நிலைக்கு, அதாவது ஓட்டத் தயாரான நிலைக்குக் கொண்டுவந்து உள்ளே பாருங்கள். திரவம் சுழன்று கலங்க வேண்டும். அசையாமல் கிடந்தால் பம்ப் ஓடவில்லை, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. பம்புக்கு 12 வோல்ட் வருகிறதா, ஃபியூஸ் சரியா என்று பார்த்துவிட்டு, கரன்ட் வந்தும் ஓடவில்லை என்றால் பம்பை மாற்றுங்கள், அப்புறம் காற்றை முழுசாக வெளியேற்றுங்கள். பலர் இந்தக் கடைசி வேலையைச் சோம்பலில் விட்டுவிட்டு, புது பம்ப் போட்டும் அதே கோடு வருகிறதே என்று இன்வெர்ட்டருக்குப் போய்விடுகிறார்கள். இந்தத் தலைமுறை பிரியஸின் பம்புக்காக டொயோட்டா 2012இல் ரீகால் (குறையைச் சரிசெய்ய வண்டிகளைத் திரும்ப அழைப்பது) அறிவித்தது, உங்கள் வண்டியில் அது செய்யப்பட்டதா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள்.

காலையில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிகிறது, ஸ்கேனரில் கோடு நீளமாக ஓடுகிறது, 'ரெடி' வர மறுக்கிறது. இன்வெர்ட்டர்தானே?

முதலில் 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். அது சோர்ந்துபோனால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பி ஒன்றையொன்று குற்றம் சொல்ல ஆரம்பிக்கும். சார்ஜ் செய்துவிட்டு, கோடுகளை எழுதி வைத்துக்கொண்டு, அழித்துப் பாருங்கள், திரும்பி வருவதுதான் நிஜம். ஓய்வில் இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது. 'ரெடி'யில் 14 பக்கம் ஏற வேண்டும். ஏறாமல் 12இலேயே நின்று இறங்கிக்கொண்டே போனால், ஆமாம், அப்போது இன்வெர்ட்டர் பெட்டிமேல் சந்தேகப்படலாம். பிரியஸில் ஆல்டர்னேட்டர் கிடையாது, 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டிசி-டிசி கன்வெர்ட்டர் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அப்போதும் அந்த லைனில் இருக்கும் பெரிய ஃபியூஸைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

ஏசி சர்வீஸ் செய்து வந்த பிறகு பி0ஏஏ6 வருகிறது. எலக்ட்ரீஷியன் இன்வெர்ட்டரில் மின்சாரம் கசிகிறது என்கிறார்.

ஏசி சர்வீஸ் என்ற சொல்லிலேயே பாதி பதில் இருக்கிறது. உயர்மின்னழுத்தச் சுற்று எங்கோ பாடியோடு தொடர்பு வைத்திருக்கிறது, இன்சுலேஷன் குறைந்திருக்கிறது என்பதே இந்தக் கோடின் பொருள். எங்கே என்று சொல்ல டொயோட்டாவில் மூன்று இலக்கத் துணைக் கோடு உண்டு: 611 என்றால் ஏசி (ஏர் கண்டிஷனர்) பக்கம், 612 உயர்மின்னழுத்தப் பேட்டரி, 613 மோட்டார்களும் கியரும் இருக்கும் டிரான்ஸ்ஆக்ஸில், 614 என்றால்தான் இன்வெர்ட்டரும் அதன் கேபிள்களும் இருக்கும் டிசி (நேர்மின்சாரப்) பகுதி. சாதாரண ஸ்கேனர் இதைக் காட்டாது, டொயோட்டாவுக்கான மென்பொருள் வேண்டும். அதைப் படிக்காமல் இன்வெர்ட்டர் என்று சொல்பவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான். உங்கள் காரில் ஏசி கம்ப்ரசர் மின்சார மோட்டாரில் ஓடுகிறது, அந்த மோட்டாரே கம்ப்ரசர் எண்ணெயில்தான் நனைந்து சுற்றுகிறது, அதனால் இன்சுலேஷன் குணமுள்ள என்டி-11 எண்ணெய்தான் போட வேண்டும். பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசருக்கான பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலே மின்கசிவு வரும். கேஸ் நிரப்பும் மெஷினின் குழாயில் மிச்சம் இருந்த எண்ணெய்கூடப் போதும். 611 வந்தால் என்ன எண்ணெய் போட்டார்கள் என்று ஏசி சர்வீஸ் செய்தவர்களையே கேளுங்கள்.

2011 பிரியஸ், வேகமெடுக்கும்போது திடீரென்று நின்றது, பி0ஏ94. உடைத்து விற்ற காரிலிருந்து இன்வெர்ட்டர் வாங்கிப் போடலாமா?

இது நிஜமாகவே இன்வெர்ட்டராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பி0ஏ94 குறிப்பது இன்வெர்ட்டரில் மின்னழுத்தத்தை ஏற்றும் பகுதியை. அதில் உள்ள டிரான்சிஸ்டர்கள் சூடேறிச் சேதமாகலாம் என்று 2014 பிப்ரவரியில் டொயோட்டா உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பிரியஸ்களைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றியது. முதலில் டீலரிடம் கேளுங்கள், காசு கொடுப்பது அப்புறம். பழையது வாங்கினால் ஒன்று கவனியுங்கள்: இந்தத் தலைமுறையில் மோட்டார் கட்டுப்பாட்டு இசியூ (கம்ப்யூட்டர்) இன்வெர்ட்டருக்குள்ளேயே இருக்கிறது, அந்த வண்டிக்கு ரீகால் செய்யாமல் விட்டிருந்தால் பழைய மென்பொருளும் சேர்ந்தே வந்துவிடும்.

இன்வெர்ட்டர் பெட்டியின் மூடியைத் திறந்து நானே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கலாமா?

கூடாது. பிரியஸின் பேட்டரியே 200 வோல்ட்டுக்கு மேல், இன்வெர்ட்டர் அதை 500 வரை, மூன்றாம் தலைமுறையில் 650 வரை ஏற்றும். பயிற்சி உள்ளவர்கள்கூட 1000 வோல்ட் கையுறை போட்டு, பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டர் வடிய 10 நிமிடமாவது காத்திருந்து, மின்னழுத்தம் போய்விட்டதை மீட்டரில் உறுதி செய்துகொண்டுதான் கை வைக்கிறார்கள். அவர்கள் வேலை முடித்துக் கொடுத்த வண்டி 'ரெடி' ஆகாமல் பி0ஏ0டி காட்டினால், பிளக்கின் கைப்பிடி கடைசி வரை தள்ளிப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.