முதல் பவளத் தொட்டி: விளக்கை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்

கேள்வி: பல வருடங்களாக நன்னீர் மீன்கள் வளர்க்கிறேன். இப்போது கடல்நீரில் ஒரு பவளத் தொட்டி அமைக்க ஆசை. ஒரேயடியாகச் செலவு செய்ய முடியாது, மாதம் ஒரு பொருளாகச் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். பவளத்துக்கான நல்ல எல்.இ.டி. விளக்கு ஒன்று தள்ளுபடியில் வருகிறது. 40 லிட்டர் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அதிலேயே தொடங்கலாமா? வேறு என்னென்ன வேண்டும்? பழைய சாமான்களை வாங்கலாமா?

பதில்: மாதம் ஒன்றாகச் சேர்ப்பதில் தவறே இல்லை. ஆனால் விளக்கில் தொடங்காதீர்கள். பவளம் உள்ளே போகும்வரை அந்த விளக்குக்கு வேலையே கிடையாது. எல்லாம் சேர்ந்து, தொட்டி ஓடத் தொடங்கி, அதற்குப் பிறகும் இரண்டு மாதமாவது ஆகும். அதற்குள் வாரண்டியில் பாதி போயிருக்கும்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். பவளம் வளர்க்க உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கல் பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கின்றன. உரிய அனுமதி இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. சில நாடுகளில் வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

சரி, 40 லிட்டர் தொட்டி. நன்னீர் அனுபவம் பல இடங்களில் கைகொடுக்கும், ஆவியாதலில் மட்டும் காலை வாரிவிடும். நன்னீர்த் தொட்டியில் மட்டம் இறங்கினால் ஒரு குடம் ஊற்றிவிட்டுப் போய்விடுவோம். கடல்நீரில் ஆவியாகிப் போவது நீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். நாளுக்கு 1 லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கே நாளில் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பு 39-ஐ நெருங்கிவிடும். அப்போது 4 லிட்டரை மொத்தமாக ஊற்றினால் மறுபடி சடாரென்று 35. மீன் ஒருவேளை தாங்கும்; இறாலும் பவளமும் தாங்குவது கஷ்டம்.

90 × 45 × 45 செ.மீ. தொட்டியில் மேற்பரப்பு மூன்று மடங்கு, ஆவியாவதும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனாலும் கீழே இருக்கும் சம்ப்பையும் (தொட்டி நீர் வழிந்து வந்து, பம்ப்பால் மேலே திரும்பும் துணைத் தொட்டி) சேர்த்து 230 லிட்டர் நீர் இருந்தால், அதே நான்கு நாளில் உப்பு 37-ஐத் தொடாது. புதியவருக்கு இந்த இடைவெளி ரொம்ப முக்கியம். இவ்வளவு இருந்தும் ஆட்டோ டாப்-அப் கருவியை விட்டுவிடாதீர்கள். மட்டம் கொஞ்சம் குறைந்ததுமே நன்னீரை அதுவே ஏற்றிவிடும். பலர் ஆடம்பரம் என்று தள்ளிப்போடுவதும் இதைத்தான். உங்கள் 40 லிட்டர் தொட்டி வீணாகாது, புது மீன்களைத் தனியே வைத்துக் கவனிக்க அது போதும்.

ஆக, முதல் மாதப் பணம் நீருக்கு. டி.ஐ. பகுதியும் (ஆர்.ஓ. விட்டுவைத்த அயனிகளைப் பிடிக்கும் ரெசின்) சேர்ந்த ஆர்.ஓ. கருவி, நீரில் கரைந்திருப்பதை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டர். அளவு 0 காட்ட வேண்டும். குழாய்நீரில் வரும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் பாசிக்குத் தீனி. செம்பு இருந்தால் முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு விஷம். குடிநீருக்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. இதற்கு ஆகாது. அதில் டி.ஐ. கிடையாது, பலவற்றில் சுவைக்காகத் தாதுக்களை மறுபடி கலந்தே விடுகிறார்கள். அடுத்து உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர். அதை வெறும் நீரில் 0 வைத்துச் சரிபார்ப்பதோடு விடாமல், 35 பி.பி.டி. கரைசல் வாங்கி அதில் சரிபாருங்கள்.

தொட்டியையும் ஸ்டாண்டையும் அடுத்து பார்க்கலாம். நான் சொன்ன அளவில் கடல்நீர் மட்டுமே 187 கிலோ. கண்ணாடி, பாறை, சம்ப் எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவை நெருங்கும். சாதாரண மேசை வேண்டாம்.

சம்ப் அளவில்தான் நிறைய பேர் தரையை நனைக்கிறார்கள். 90 × 45 தொட்டியில் 1 செ.மீ. மட்டம் என்பது 4 லிட்டர். சம்ப் நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், மின்சாரம் போனதும் நீர் அதே குழாய் வழியே திரும்பி, 20 லிட்டர் சம்ப்புக்கு இறங்கும். அவ்வளவு காலி இடம் அங்கே இருக்கிறதா? குழாய் வாயை மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் வையுங்கள், உயிர்களை விடும் முன் ஒருமுறை பம்ப்பை அணைத்துப் பாருங்கள். ஒயரில் வழியும் நீர் பிளக்குக்குள் போகாதபடி, ஒயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலேறட்டும்; மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.டி.யும் இருக்கட்டும்.

கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் இந்த அளவுத் தொட்டிக்கு வேண்டும். நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர், மென்பவளங்களுக்கு மணிக்குத் தொட்டி நீரைப்போல 10 முதல் 20 மடங்கு தள்ளினால் போதும். வெப்பம் 25-26 டிகிரியில் நிற்க வேண்டும். ஹீட்டர் போடுவதானால் தனியாக ஒரு கன்ட்ரோலரும் வாங்குங்கள், ஹீட்டர் அணையாமல் சிக்கிக்கொண்டால் ஒரே இரவில் தொட்டி வெந்துவிடும். உங்கள் அறை சூடானது என்றால் மேற்பரப்பில் காற்றடிக்கும் ஃபேன் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும், ஆவியாதலும் கூடும். அதற்கும் மேல் குறைய வேண்டுமென்றால் சில்லர்தான் வழி.

பாறையை அடுக்கி, உப்புநீர் நிரப்பி, அம்மோனியா 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரும்படி சேர்த்துக் காத்திருங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சேர்த்த அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு நாளில் 0 ஆனால் தயார். அப்புறம் மணலெல்லாம் பழுப்பாகப் படியும். டயாட்டம் என்ற நுண்பாசிதான், பயப்பட வேண்டாம், மருந்தும் ஊற்ற வேண்டாம். முதலில் நத்தைகள், பிறகு பண்ணையில் பிறந்த கிளவுன் மீன் ஒரு ஜோடி. அவை நன்றாக இருந்தால் விளக்கு வாங்கலாம். குறைந்த வெளிச்சத்தில் தொடங்கி, மஷ்ரூம் போன்ற மென்பவளங்களை விடலாம்.

பழைய சாமான்களில் ஸ்கிம்மரும் வேவ்மேக்கரும் தாராளமாக வாங்கலாம், நீர் கலந்த வினிகரில் ஊறவைத்தால் படிந்த சுண்ணாம்பு கரைந்துவிடும். ஹீட்டரும் ஆர்.ஓ. மெம்பிரேனும் புதிதாகவே வாங்குங்கள். தொட்டியோ பாறையோ என்றால், அதில் எப்போதாவது செம்பு கலந்த மருந்து போட்டார்களா என்று கேளுங்கள். பாறை செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக வெளியே விடும். இன்னொன்று, பழைய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று அடுப்பில் கொதிக்க வைக்கவோ, வெந்நீர் ஊற்றவோ வேண்டாம். பாறையில் ஒட்டி வளரும், பவளத்தின் உறவான சில ஜோவாந்தஸ், பாலிதோவா வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஆவியோடு அதைச் சுவாசித்துக் குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் உண்டு. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, குளிர்ந்த நீரில் பிரஷ்ஷால் தேயுங்கள்.