‘என்றாள்’ அலுக்குமா?

கேள்வி: லயத்து (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வாழ்க்கையை வைத்துச் சிறுகதை எழுதுகிறேன். பக்கம் முழுக்க ‘என்றாள்’, ‘என்றார்’தான். ‘செப்பினாள்’, ‘முழங்கினார்’ என்று மாற்றலாமா?
– வாசகி, அட்டன்

பதில்: வேண்டாம். ‘என்றாள்’ கண்ணில் தங்காமல் நழுவிவிடும், அதுதான் அதன் பலம். ‘செப்பினாள்’ வந்ததும் வாசகர் தேயிலை மலையை விட்டுப் புராண நாடக மேடைக்குப் போய்விடுவார். ‘முணுமுணுத்தாள்’, ‘கத்தினார்’ போன்றவை குரலின் அளவைச் சொல்பவை. பேச்சிலேயே அது தெரியாதபோது மட்டும் போடுங்கள். “ஐயோ, அட்டை!” என்ற பின் ‘அலறினாள்’ எதற்கு?

பல இடங்களில் ‘என்றாள்’ போன்ற வினையே தேவையில்லை, பேசியவரின் செய்கை போதும்:

“ரெண்டு கிலோ கொறையுதுங்க.” செல்லம்மா தராசுக்கிட்டயே நின்றாள்.

(கதை சொல்லும் குரல் எழுத்துநடை என்றால் ‘தராசுக்கிட்டயே’ என்பது ‘தராசருகிலேயே’ என்றிருக்க வேண்டும். பேச்சுவழக்கு மேற்கோளைத் தாண்டிக் கசிவது அடிக்கடி நடக்கும் பிழை.) செய்கை பேசியவருடையதாகவே இருக்கட்டும். அந்த இடத்தில் கணக்கப்பிள்ளை நிமிர்ந்தால், பேசியது அவர் என்றாகிவிடும். அவருக்குப் புதுப் பத்தி கொடுங்கள்.

“வாங்க” சிரித்தாள் என்பது ஒட்டாது. “வாங்க” என்று சிரித்தாள் என எழுதுங்கள்.

தமிழில் விகுதியே ஆண், பெண், மரியாதையைக் காட்டிவிடுவதால் ஒவ்வொரு முறையும் பெயர் வேண்டாம். இரண்டு பெண்கள் பேசுவதுபோல, ஒரே விகுதி வரும் இருவர் பேசினால்தான் குழப்பம். அங்கே ‘அக்கா’, ‘புள்ள’ என்ற விளி உதவும். கங்காணியை ‘என்றார்’ எனத் தொடங்கிக் காரணமில்லாமல் ‘என்றான்’ ஆக்காதீர்கள்.