வரம்பைக் குறைக்க வேண்டாம்

முகத்தைப் பார்த்து வருகை பதிந்து கதவைத் திறக்கும் வாசல் கருவி கருத்த நிறமுள்ள ஊழியர்களை மட்டும் நிராகரிக்கிறது, விற்றவரோ பொருத்த வரம்பை, அதாவது பதிவிலுள்ள முகத்தோடு எவ்வளவு ஒத்திருந்தால் ஏற்கலாம் என்ற அளவை, குறைக்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். குறைக்காதீர்கள். குறைத்தால் ஒருவர் முகத்துக்கு இன்னொருவரின் வருகை பதிவாகும், கதவும் திறக்கும். 2019-இல் அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 189 முக அடையாள மென்பொருள்களைச் சோதித்தபோது, வெள்ளையர் முகங்களைவிட ஆப்பிரிக்க, ஆசிய முகங்களில் இத்தகைய தவறான பொருத்தம் பலவற்றில் 10 முதல் 100 மடங்கு அதிகமாக இருந்தது. விற்பவர்கள் இதைச் சொல்வார்களா என்ன!

முதலில் வாசலைப் பாருங்கள். ஆளின் முதுகுக்குப் பின்னால் வெயில் இருந்தால், கேமரா அந்த வெளிச்சத்துக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கருத்த முகம் வெறும் நிழலாகிவிடும். முகத்துக்கு நேரே பரவலான விளக்கு போட்டு, அதே இடத்தில் எல்லோரையும் மறுபதிவு செய்யுங்கள். அப்போதும் சரிவரவில்லையென்றால் மென்பொருளையே மாற்றித்தரக் கேளுங்கள்.

ஊழியர் ஒருவரின் புகைப்படத்தையும் காட்டிப் பாருங்கள். கதவு திறந்தால் அந்தக் கருவியே வேண்டாம்.