முதல் டூட்டிக்கு முன் எதைப் படிப்பது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். பிளஸ் டூ முடித்து, பிசியோதெரபி உதவியாளர் படிப்பில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. எலும்பு 206, தசை 600-க்கு மேல் என்று பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்கிறேன். மறுநாள் காலையில் பாதி மறந்துவிடுகிறது. ஜனவரியில் ஆஸ்பத்திரி டூட்டி ஆரம்பம். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது எது?

பதில்: மறந்துபோகிறதே என்று கலங்க வேண்டாம். பெயரை மட்டும் தனியாகப் படித்தால் யாருக்கும் நிற்காது. தசையால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு தசையிடமும் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த மூட்டைக் கடக்கிறாய், அதன் எந்தப் பக்கமாகக் கடக்கிறாய்? பைசெப்ஸ் முழங்கையின் முன்பக்கமாகப் போகிறது, சுருங்கினால் கை மடங்கும். ட்ரைசெப்ஸ் பின்பக்கம், அதனால் கை நீளும். தொடையின் பின்னால் இருக்கும் ஹாம்ஸ்ட்ரிங் இடுப்பு மூட்டையும் முழங்காலையும் பின்பக்கமாகக் கடக்கிறது. ஆகவே ஒரே தசைக்கு இரண்டு வேலை: தொடையைப் பின்னால் இழுப்பது, முழங்காலை மடக்குவது.

இதைப் படத்தில் படிப்பதைவிட உங்கள் வீட்டிலேயே படிக்கலாம். இடது கையால் வலது முன்கையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையை இறுக்கி மூடுங்கள். விரலை மடக்கும் தசைகள் உள்ளங்கைப் பக்கம்தானே இருக்கின்றன, பின்புறம் ஏன் கெட்டியாகிறது? மணிக்கட்டு உள்பக்கம் சாய்ந்துவிடாமல் பின்புறத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. அவற்றில் பல முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் தொடங்குகின்றன. நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மா, முழங்கையின் வெளிப்பக்கம் குடைகிறது என்று எப்போதாவது சொல்லியிருந்தால், அந்த வலி எங்கிருந்து வந்திருக்கலாம் என்று இப்போது உங்களுக்கே புரியும். இப்படிப் படித்த தசை மறக்காது.

இன்னொரு பாடத்தையும் நம் மலை சொல்லித் தரும். ரோட்டிலிருந்து வீட்டுக்குச் சரிவில் இறங்கும்போது உள்ளங்கையைத் தொடையின் முன்பக்கம் வைத்துப் பாருங்கள். குவாட்ரிசெப்ஸ் கல்லாக இருக்கும். முழங்கால் மடங்கிக்கொண்டே போகிறது, அதை நீட்டும் தசையோ வேலை செய்துகொண்டே நீள்கிறது. லாரி இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டு வருவது போலத்தான் இதுவும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் நிறையப் பேர், “ஏறும்போதுகூடப் பரவாயில்லை, இறங்கும்போதுதான் உயிர் போகிறது” என்பார்கள். சமவெளியில் இருப்பவர் இதை எப்போதாவது ஒரு மாடிப்படியில் உணர்கிறார். நம் ஊர்க்காரர் பால் வாங்கப் போனாலே உணர்கிறார். அதனால் வீட்டுக்குப் போகும் வழி எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு நோயாளியிடமும் கேளுங்கள். எத்தனை படி, கைப்பிடி உண்டா, மழையில் வழுக்குமா என்பதெல்லாம் சிகிச்சைத் திட்டத்துக்குத் தேவையான செய்தி.

சரி, திட்டம் யாருடையது? இதில் ஒரு குழப்பமும் வேண்டாம். நோயாளியை முதலில் பரிசோதிப்பது, என்ன சிகிச்சை என்று முடிவு செய்வது, அதை மாற்றுவது எல்லாம் பிசியோதெரபிஸ்டின் பொறுப்பு. அதைச் செய்விப்பது, கவனிப்பது, எழுதுவது, சொல்வது உங்கள் பொறுப்பு. அமெரிக்காவில் இதற்கு இரண்டு ஆண்டுப் பட்டமும் உரிமத் தேர்வும் உண்டு. அங்கேயும் கோடு இதே இடத்தில்தான். இதனால் உதவியாளர் வேலை சின்னதாகிவிடாது. ஒரு நோயாளியோடு அதிக நேரம் இருக்கப்போவது பெரும்பாலும் நீங்கள்தான். நேற்று இருந்ததற்கும் இன்று இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் முதலில் உங்கள் கண்ணில்தான் படும். என்னைக் கேட்டால் இந்தப் படிப்பின் அடித்தளமே அதுதான். அந்த வித்தியாசம் தெரிவதற்காகத்தான் இயல்பு எது என்று படிக்கிறோம்.

ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20. பல நாள் படுத்திருந்தவரை எழுப்பி உட்கார வைத்தால், மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் தலை சுற்றலாம், நிற்க வைத்தால் விழக்கூடும். ஆக்சிஜன் அளவு விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு கவனம் தேவை. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுதான். சமவெளிப் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணைவிட ஓரிரு எண் குறைவாகக் காட்டினால் உடனே பதற வேண்டாம். அதே நோயாளிக்கு நேற்று எவ்வளவு இருந்தது என்று பாருங்கள். விரல் குளிர்ந்திருந்தாலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள். அப்போதும் குறைவாகவே இருந்தால், அல்லது மூச்சுத் திணறல் தெரிந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டுப் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள்.

தசை வலுவை 0 முதல் 5 வரை எண்ணிடுவார்கள். இதில் 3 என்ற எண்ணை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக வரும். புவியீர்ப்பை எதிர்த்துத் தன் கையையோ காலையோ முழு வீச்சுக்கும் தூக்க முடிந்தால் 3. நாம் கொடுக்கும் தடையையும் தாங்கினால் 4 அல்லது 5. புவியீர்ப்பு குறுக்கே வராத மாதிரி பக்கவாட்டில் படுக்க வைத்தால் மட்டும் அசைகிறது என்றால் 2. அசைவே இல்லை, தொட்டால் துடிப்பு தெரிகிறது என்றால் 1. அதுவும் இல்லையென்றால் 0.

கைத்தடியை வலி உள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் கொடுக்க வேண்டும். நிறையப் பேர் வலிக்கிற பக்கமே பிடித்திருப்பார்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, தடியின் கைப்பிடி அந்த உயரத்தில் இருக்கட்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். மலைப்பாதையிலும் இதே கணக்குதான். எலும்பு முறிந்தவருக்குப் பாதி எடைதான் ஊன்றலாம் என்று எழுதியிருந்தால் வாயால் சொல்லிப் புரியாது. எடை பார்க்கும் மெஷின் மேல் அந்தக் காலை வைத்து அழுத்தச் சொல்லுங்கள், அவரே எண்ணைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்.

இனி, செய்யவே கூடாதவை. நான் மாணவனாக இருந்தபோது, பக்கவாதம் வந்த ஒரு பெரியவரைக் கட்டிலிலிருந்து எழுப்பினேன். செயலிழந்த கையையே பிடித்து இழுத்தேன். அவர் கத்தினார். தோளைச் சுற்றியுள்ள தசைகள் தளர்ந்திருக்கும்போது அந்தக் கையை இழுத்தால் தோள் மூட்டு கீழே நழுவும், வலி பல மாதம் போகாது என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. கையை ஒருபோதும் இழுக்காதீர்கள். கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, உடம்பை முன்னால் சாய்க்கச் சொல்லி, அவர் இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடித்து எழுப்புங்கள். உங்கள் கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, அவரை உங்கள் உடம்புக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதுகுக்கும் அதுதான் நல்லது.

கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி, சூடாகி, வலிக்கிறதா? தேய்த்துவிடாதீர்கள், பயிற்சியும் வேண்டாம். ரத்தம் உறைந்திருக்கலாம், அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே சொல்லுங்கள். அடுத்தது சூடு. குளிர் ஊர் என்பதால் ஒத்தடம் என்றாலே எல்லோருக்கும் பிரியம், இன்னும் கொஞ்சம் சூடாக வை என்பார்கள். ஹாட் பேக் கிடக்கும் தண்ணீரே 70 டிகிரிக்கு மேல் இருக்கும், போதிய மடிப்புத் துண்டு இல்லாமல் வைத்தால் தோல் வெந்துவிடும். சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் வெந்தாலும் தெரியாது. வைப்பதற்கு முன்னால் சூடும் குளிரும் பிரித்துத் தெரிகிறதா என்று சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும். வைத்து ஐந்து நிமிடத்தில் துண்டை விலக்கித் தோலையும் பாருங்கள்.

எழுதும்போது “நன்றாக இருக்கிறார்” என்று எழுதாதீர்கள். அதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. “வாக்கருடன் 20 அடி நடந்தார், இரண்டு முறை நின்றார், முழங்கால் 70 டிகிரி மடங்கியது, வலி 10-க்கு 6 என்றார்” என்று எழுதுங்கள். நாளைக்கு வேறு ஒருவர் டூட்டிக்கு வந்தாலும் அங்கிருந்து தொடரலாம்.

முதல் நாள் கொண்டுபோக நொடி முள் உள்ள வாட்ச், சட்டைப்பையில் அடங்கும் நோட்டு, பேனா போதும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். ஜனவரி என்றால் உறைபனிக் காலம். வார்டுக்குள் போனதும் கையைக் கழுவித் துடைத்து, நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சில்லென்ற கை பட்டால் நோயாளியின் தசை இறுகும், நீங்கள் அளக்கும் எண்ணும் மாறிவிடும்.