அஜிலிட்டி டெமோ நடத்தும் முன்: கேள்வி பதில்

நாய்களுக்கான தடைதாண்டும் ஓட்டமான அஜிலிட்டியைப் பொதுமக்கள் முன் செய்துகாட்ட நினைப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் அஜிலிட்டி காட்டச் சொல்கிறார்கள். போட்டி விளையாட்டை விழாவில் காட்டுவது சரிப்படுமா? (ஆசிரியர், ஈரோடு)

தாராளமாக. இந்த விளையாட்டே கூட்டத்துக்குக் காட்டுவதற்காகப் பிறந்ததுதான். 1978இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நடுவே இருந்த இடைவெளியில் ஜனங்களுக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்க, குதிரைகள் தடைதாண்டும் போட்டியைப் பார்த்து நாய்களை ஓடவிட்டார்கள். அது அப்படியே பிடித்துக்கொண்டது. ஆனால் போட்டிக்கு வருகிறவர்களுக்கு நாயைப் பற்றித் தெரியும். விழாவுக்கு வருகிறவர்கள் கையில் பஜ்ஜியோடு வருவார்கள். அதனால் வேகத்தை மறந்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு நாய், ஏழெட்டுத் தடைகள், அவ்வளவு போதும்.

எவ்வளவு இடம் வேண்டும்? சுற்றிலும் கயிறு கட்டினால் போதுமா?

போட்டிக்கு 20க்கு 40 மீட்டர் ஓடுதளம் கேட்பார்கள். டெமோவுக்கு அதில் பாதி போதும். கயிறு மட்டும் போதவே போதாது. நாய் அதன் அடியில் நுழைந்து வெளியே வரும், பிள்ளைகள் அதே வழியில் உள்ளே போவார்கள். சவுக்குக் கம்பு நட்டு, நாலடி உயரத்துக்குப் பச்சை வலையை இழுத்துக் கட்டுங்கள். அதற்கு வெளியே இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இன்னொரு கயிறு. ஜனங்கள் அந்தக் கயிற்றுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

வேலியைவிட முக்கியம், தடைகளை எந்தப் பக்கம் பார்த்து வைக்கிறீர்கள் என்பது. கடைசித் தடையைத் தாண்டிய வேகத்தில் நாய் நேர்கோட்டில்தான் போகும். அந்தக் கோடு காலியான பக்கமாக இருக்கட்டும். நாய் நுழைந்து ஓடும் குழாயான டனலும் அப்படியே. இருட்டான குழாயிலிருந்து வெளியே வரும் நாயின் கண்ணில் முதலில் படுவது பன்னும் கையுமாக நிற்கும் குழந்தை என்றால், கூடவே ஓடி அதை நடத்தும் ஹேண்ட்லர் கூப்பிடுவது அதன் காதில் விழாது. டனலின் வாயை ஹேண்ட்லர் ஓடிவரும் பக்கம் திருப்பி வையுங்கள். குழாய் உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை வையுங்கள்.

கல்யாண மண்டபத்தில் நடத்தலாமா?

டைல்ஸ் தரையில் குதிக்க விடாதீர்கள். இறங்கும்போது முன்னங்கால் வழுக்கினால் தோள்பட்டை போய்விடும். கம்பளம் விரித்தால் அதுவும் சேர்ந்து வழுக்கும். புல்தரை தேடுங்கள்.

பத்து மாத லாப்ரடார். நன்றாகத் தாண்டுகிறது. சேர்க்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. எலும்பு வளர்ந்து முடியவில்லை. எஃப்சிஐ என்ற உலக நாய்ச் சங்கக் கூட்டமைப்பின் போட்டிகளிலேயே 18 மாதம் ஆனால்தான் அனுமதி. ஆசைக்குத் தாண்டும் கம்பைத் தரையில் போட்டு நடக்க வையுங்கள். கூட்டம் அதற்கும் கை தட்டும். பெரிய நாய்களுக்கும் போட்டி உயரமான 55, 60 சென்டிமீட்டர் வேண்டாம். 40 போதும். இடித்தால் கம்பு கீழே விழ வேண்டும், அதைக் கட்டி வைக்காதீர்கள்.

மே மாதம், மதுரை, மாலை நான்கு மணி. முடியுமா?

முடியாது. காலை எட்டுக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் மாதத்தை மாற்றுங்கள். புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும். நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகி, எச்சில் வழிந்து, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. அங்கேயே சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே டாக்டரிடம் கொண்டு போங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்கக் கூடாது, சூடு உள்ளேயே தங்கிவிடும். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களை இந்த வேலைக்கே அழைக்காதீர்கள்.

மைதானத்துத் தெருநாய்களை என்ன செய்வது?

கம்பை எடுத்து விரட்டினால் நாலு நாய் நாற்பது குரைப்பாகத் திரும்பி வரும். தினமும் சோறு வைக்கிற ஆள் ஒருவர் அங்கே இருப்பார். அவரைப் பிடித்து, மறு கோடியில் அந்த நேரத்துக்குச் சாப்பாடு வைக்கச் சொல்லுங்கள். பருவத்துக்கு வந்த பெட்டை நாயை அன்று வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

யாரையாவது கடித்துவிட்டால்?

சோப்பும் ஓடும் தண்ணீரும், 15 நிமிடம். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க விடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. ‘எங்க நாய் ஊசி போட்ட நாய்தான்’ என்று சொல்லி யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எல்லா நாய்களின் தடுப்பூசி அட்டை நகலும் ஒருவர் கையில் இருக்கட்டும்.

டிக்கெட் போடலாமா?

போட்டால் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் சொல்லும், விலங்குகளை வைத்துக் காட்சி நடத்துவதற்கான பதிவு குறுக்கே வரும். இலவசமாக நடத்தினாலும் கால்நடை மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீ வளையம் வைத்தால் கூட்டம் சேருமே?

சேரும். நான் வர மாட்டேன். வளையம் வேண்டுமென்றால் டயர் இருக்கிறது. பழைய ஸ்கூட்டர் டயரைச் சட்டகத்தில் இறுக்கிக் கட்டுகிறார்கள், அதுவும் ஆபத்து. கால் மாட்டினால் கழுத்து திரும்பிவிடும். இடித்தவுடன் இரண்டாகப் பிரிந்துவிடும் டயர்தான் வேண்டும். போட்டிகளிலும் அதுதான்.

முடிந்ததும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாமா?

ஓடி முடித்த நாயை வேண்டாம். தொடுவதற்கென்றே சாதுவான ஒன்றைத் தனியாகக் கொண்டு வாருங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வரட்டும். தலைக்கு மேல் கை வேண்டாம், தோளைத் தடவட்டும். நாய் முகத்தைத் திருப்பினால் அடுத்த பிள்ளை காத்திருக்கட்டும்.

வரவேற்புக்குச் செண்டை மேளம் சொல்லியாகிவிட்டது, சார்...

வாசிக்கட்டும், நாய்களெல்லாம் வண்டியேறிப் போன பிறகு.