தாளிப்பை நிறுத்தினால் புற்று நிற்குமா?
தேவகோட்டைத் தம்பிக்கு, கொழுப்புதான் புற்றுக்குச் சேதி சொல்கிறது என்று படித்துவிட்டு, குடல் புற்றுக்குக் கீமோ எடுக்கும் அப்பச்சிக்கு நல்லெண்ணெய், கோழிக்குழம்பு எல்லாவற்றையும் நிறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி.

செல்லைச் சுற்றியுள்ள சவ்விலேயே இருக்கும் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு பிரிந்து, காக்ஸ்-2 என்ற நொதி வழியாகப் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற சேதி சொல்லும் பொருளாகிறது. அது பக்கத்துச் செல்களின் சேதி வாங்கும் ஈபி2, ஈபி4 ஏற்பிகளில் ஒட்டி, 'வளர், சாகாதே' என்று உள்ளே தூண்டுகிறது. பல குடல் கட்டிகளில் இந்த நொதி மிகுந்திருக்கும். ஆனால் தாளிப்பை நிறுத்தினால் இந்தச் சேதி நிற்காது. அப்பச்சியின் எடைதான் குறையும், கீமோவில் அதுதான் ஆபத்து. (காரத்தைக் குறையுங்கள், நம்மூர்க் காரம் கீமோவில் வரும் வாய்ப்புண்ணுக்கு ஆகாது.)

அப்புறம், ஆஸ்பிரின் இந்த நொதியைத் தடுக்கும் என்பது நிஜம். ஆனாலும் நீங்களாக வாங்கித் தராதீர்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் ரத்தக்கசிவு வரலாம். மருத்துவரிடமே கேளுங்கள்.