அரை ஏக்கர் மணல் தரை: சேதனமா, ரசாயனப் பசளையா, ஹைட்ரோபோனிக்ஸா?

கேள்வி: திருகோணமலை நிலாவெளியில் அரை ஏக்கர் மணல் தரையில் மிளகாயும் கத்தரியும் செய்கிறேன். கிணற்றுத் தண்ணீர்தான். யூரியா போடப் போடச் செலவு ஏறுகிறதே தவிர விளைச்சல் ஏறவில்லை. முழுக்கச் சேதன முறைக்கு மாறச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். மகனோ மண்ணே வேண்டாம், சத்துக் கரைசலில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் போடுவோம் என்கிறான். எதில் விளைச்சல் கூட?

பதில்: ஐயா, உங்கள் தரைக்கு முதலில் எரு வேண்டும், அதன்மேல் அளவான ரசாயனப் பசளை. ஹைட்ரோபோனிக்ஸில் மிளகாய்க்கு இறங்க வேண்டாம்.

யூரியா போட்ட சில நாட்களில் இலை கரும்பச்சையாகி, கொஞ்ச நாளில் திரும்பவும் வெளிறுகிறதா? அது பசளையின் குறை இல்லை. கடற்கரை மணலுக்கு நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும் பலம் குறைவு. இறைக்கிற தண்ணீரோடு நைதரசன் வேரைத் தாண்டி இறங்கி, நைத்திரேற்றாக உங்கள் கிணற்றுக்கே போய்ச் சேரும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைக்குழந்தை உள்ள வீடென்றால் கிணற்று நீரைக் கட்டாயம் பரிசோதியுங்கள்.

அப்படியானால் எரு மட்டும் போதாதா? கணக்குப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூடையில் நைதரசன் 23 கிலோ. உக்கிக் காய்ந்த மாட்டெருவில் அது சுமார் 1 வீதம்தான். ஒரு மூடைக்கு ஈடாக 2 தொன்னுக்கு மேல் எரு வேண்டும், அதுவும் முழுவதும் முதல் போகத்திலேயே கிடைத்துவிடாது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் சேதனச் செய்கையின் விளைச்சல் சராசரியாக 19 முதல் 25 வீதம் வரை குறைந்தே இருந்தது. 2021 மே மாதம் இலங்கை அரசு ரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தபோது ஈடுகட்ட எருவும் இல்லை, மண்ணைத் தயார்செய்ய அவகாசமும் இல்லை. நவம்பரில் தடை நீங்குவதற்குள் நெல் செய்தவர்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். சேதன முறை நல்லது என்று மனதார நம்புகிறவன் நான். அதனாலேயே ஒரே போகத்தில் மாறச் சொல்ல மாட்டேன்.

கன்று நடுவதற்கு இரண்டு வாரம் முன் அரை ஏக்கருக்கு 2 தொன் உக்கிய எருவைப் போட்டுக் கிளறுங்கள். நம்முடைய மாவட்டத்தில் மாட்டுப் பட்டிகளுக்குக் குறைவில்லை. வேலியில் கிளிசரிடியா நட்டால் அதன் தழையை வெட்டிப் பாத்தியில் மூடாக்காகப் போடலாம். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் நாலைந்தாகப் பிரித்து, சிறிது சிறிதாகப் போடுங்கள், போட்டதும் அளவாக நீர் விடுங்கள். அளவை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனைக்குப் பிறகு கேளுங்கள்.

சரி, மகன் சொல்வது. சலாது போன்ற இலைப் பயிரில் ஹைட்ரோபோனிக்ஸ் ஒரு சதுர அடிக்கு மண்ணைவிடப் பல மடங்கு தரும், தண்ணீரும் குறைவு. ஆனால் கச்சான் காற்று அனலாய் வீசும் ஆனி ஆடியில் கரைசலின் வெப்பம் 28 பாகை செல்சியஸைத் தாண்டினால் அதில் ஒட்சிசன் குறையும். வெள்ளை வேர் பழுப்பாகி வழுவழுக்கும், மூக்கருகே கொண்டுபோனால் நாறும். ஹோட்டல்களுக்கு ஆட்கள் வந்து சலாது விலைப்படுகிற மாதங்களும் அவைதான். நீர் சுழலும் குழாய் முறையில் பம்பு நின்றால் சில மணி நேரத்தில் செடி வாடும். 2022 மின்வெட்டை மறக்க வேண்டாம். கிணற்று நீர் ஏற்கெனவே உவர் என்றால் கரைசல் கலக்கும்போதே உப்பு கூடிவிடும்.

மகனின் ஆர்வத்தை அணைக்காதீர்கள். அருகிலுள்ள ஹோட்டல் சமையலறை ஒன்றில் வாங்குவார்களா என்று முதலில் கேட்கட்டும். ஆம் என்றால் நிழல்வலைக்குக் கீழே, பம்பு தேவைப்படாத நாலு பெட்டிகளில் அல்பேட் என்ற சத்துக் கரைசல் ஊற்றிச் சலாது நடட்டும். அப்புறம், உங்கள் கிணற்று நீரின் ஈ.சி. அளவை, அதாவது உப்பைக் காட்டும் மின்கடத்துதிறனை, எடுத்து எழுதுங்கள். மீற்றருக்கு 1.5 டெசிசீமனுக்கு (dS/m) மேல் இருந்தால் மிளகாய்க்கே வேறு ஏற்பாடு பார்க்க வேண்டிவரும்.